போனில் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் லினக்ஸ் மிண்டில் போனே தெரியவில்லை

வைகைக்கரை (சனி, காலை 10:12)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் இடம் நிரம்பிவிட்டது. 128 ஜிபி. புதிதாக ஒரு படம் எடுக்கக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் என் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு போனைக் காலி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

கணினியில் ஓடும் இயங்குதளம் லினக்ஸ் மிண்ட் 21.3, சினமன் டெஸ்க்டாப். கேபிளைச் செருகியதும் போனில் சார்ஜ் ஏறுகிறது, அவ்வளவுதான். கோப்புகளைத் திறந்து பார்க்கும் நீமோவில் இடப்பக்கம் எதுவும் வரவில்லை. "கோப்பு மாற்றவா, சார்ஜ் மட்டுமா" என்று கேட்கும் அறிவிப்பும் போனில் வரவில்லை. போனை ஒரு தடவை, கணினியை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். மூன்று போர்ட்டிலும் மாற்றிப் பார்த்தேன். யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று ஜேஎம்டிபிஎஃப்எஸ் என்ற ஒன்றையும் நிறுவினேன், போனை ஒரு கோப்புறையில் இணைத்துக் காட்டுமாம். பலன் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

ஒத்தையடிப்பாதை (சனி, காலை 10:20)

மிண்டை எடுத்துவிட்டு உபுண்டு போடுங்க. எனக்கு அதில் செருகியதும் வந்தது.

பழையசோறு (சனி, காலை 10:41)

மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள் தம்பி. இந்த வேலைக்கு மிண்டிலும் உபுண்டுவிலும் பின்னால் ஓடும் நிரல்கள் ஒன்றேதான்: ஒரே ஜிவிஎஃப்எஸ், ஒரே லிப்எம்டிபி. வீட்டில் லைட் எரியவில்லை என்று வீட்டையே மாற்றுவது போல ஆகிவிடும்.

முதலில் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் உட்கருவுக்கு, போன் தெரிகிறதா என்று பார்ப்போம். அங்கே தெரியாமல் மேலே என்ன நிறுவினாலும் வீண். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். போனில் விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிக்க எனக்குப் பொறுமை இல்லை.

கேபிளைக் கழற்றிவிடுங்கள். கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து "சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ" என்று ஓட்டுங்கள். கெர்னல் எழுதும் குறிப்புகளை அது அப்படியே காட்டும். சூடோ என்பது நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவது, அது இல்லாமல் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும். பழைய வரிகள் எல்லாம் ஓடி முடிந்து கர்சர் சும்மா நிற்கும். அதன்பிறகு நாலைந்து தடவை என்டர் தட்டி இடைவெளி விட்டுக்கொண்டு, கேபிளைச் செருகுங்கள். புதிதாக என்ன வரி வருகிறது என்பதுதான் கேள்வி.

"நியூ ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்" என்று வந்தால் கணினிக்கு போன் தெரிகிறது, கோளாறு மேலே எங்கோ இருக்கிறது. "டிஸ்கிரிப்டர் ரீட்" என்று தொடங்கி கடைசியில் எரர் -71 அல்லது -110 என்று வந்தால், போன் பேச முயல்கிறது, பேச்சு அறுந்து அறுந்து போகிறது. -71 என்றால் வந்த சிக்னல் குழம்பியிருக்கிறது, -110 என்றால் காத்திருந்தும் பதில் வரவில்லை. இரண்டிலுமே கேபிள், போர்ட், ஹப் மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். ஒரு வரிகூட வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

வைகைக்கரை (சனி, காலை 11:03)

ஒரு வரியும் வரவில்லை ஐயா. மூன்று தடவை செய்து பார்த்தேன். கர்சர் அப்படியே நிற்கிறது. சுட்டியைக் கழற்றிச் செருகினால் மட்டும் கடகடவென்று நாலைந்து வரி வருகிறது.

அப்புறம், யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் "எல்எஸ்யூஎஸ்பி" கொடுத்தால் லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்று இரண்டு வரி வருகிறது. அதில் ஒன்று என் போனா?

பழையசோறு (சனி, காலை 11:09)

இல்லை. 1டி6பி என்று தொடங்கும் அந்த இரண்டும் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் ரூட் ஹப், அதாவது போர்ட்டுகள் பிரியும் மையம். பின்னால் 0002 என்றால் யூஎஸ்பி 2, 0003 என்றால் யூஎஸ்பி 3. எதையும் செருகாவிட்டாலும் அவை இருக்கும். புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் போன் என்று நினைக்கிறார்கள், விடுங்கள்.

சுட்டிக்கு வரி வருகிறது, போனுக்கு வரவில்லை, ஆனால் சார்ஜ் ஏறுகிறது. கேபிள் எங்கே வாங்கியது?

வைகைக்கரை (சனி, காலை 11:15)

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில். 60 ரூபாய். போனோடு வந்த கேபிள் எங்கே போனது என்று அம்மாவுக்கே தெரியாது.

பழையசோறு (சனி, காலை 11:34)

நினைத்தேன்.

சாதாரண யூஎஸ்பி 2 கேபிளுக்குள் நான்கு கம்பி இருக்க வேண்டும். சிவப்பில் 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் தகவல் போகிற கம்பிகள். சார்ஜுக்கு மட்டும் என்று செய்யப்படும் கேபிளில் பச்சையும் வெள்ளையும் இருக்காது. செம்பு மிச்சம், விலையும் குறைவு. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மின்சாரம் போகிறது, பேச்சு போகவில்லை. அதனால்தான் டிமெஸ்ஜி வாயே திறக்கவில்லை, போனிலும் அறிவிப்பு வரவில்லை. எதிர்முனையில் கணினி இருக்கிறது என்பதே போனுக்குத் தெரியாது, ஏதோ சார்ஜர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

நான் பத்து வருடமாக ஒரு சின்னப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "போன் கணினியில் தெரியவில்லை" என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்பது கேபிளைத்தான். வீட்டில் வேறு யாருடைய கேபிளாவது இருக்கிறதா? போனோடு பெட்டியில் வந்ததாக இருந்தால் நல்லது.

வைகைக்கரை (சனி, காலை 11:58)

அப்பாவின் போனோடு வந்த கேபிளைப் போட்டேன். டிமெஸ்ஜியில் வரி வந்துவிட்டது! "நியூ ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ் நம்பர் 9", அதற்குக் கீழே போன் கம்பெனியின் பெயர், சீரியல் எண் எல்லாம் வந்தது. இரண்டு மணி நேரம் அந்த 60 ரூபாய் கேபிளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஆனால் நீமோவில் இன்னும் வரவில்லை. போனில் "யூஎஸ்பி வழியாக இந்தச் சாதனம் சார்ஜ் ஆகிறது" என்று மட்டும் காட்டுகிறது.

கீதா_திருச்சி (சனி, மதியம் 12:10)

அந்த அறிவிப்பைத் தொடுங்கள், உள்ளே தேர்வுகள் திறக்கும். கோப்பு மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். போன் பூட்டு திறந்திருக்க வேண்டும். பூட்டியிருந்தால் போன் தெரியும், உள்ளே கோப்புறை காலியாக இருக்கும். படமெல்லாம் அழிந்துவிட்டது என்று பயந்துபோய் எனக்குத் தொலைபேசியில் அழைத்தவர்கள் உண்டு.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், எந்தக் கணினியில் செருகினாலும் முதலில் சார்ஜ் மட்டும்தான். விமான நிலையத்திலும் பேருந்திலும் இருக்கிற கண்ட யூஎஸ்பி துளையில் செருகுகிறோம் இல்லையா, அங்கே நம் கோப்புகள் தானாகத் திறந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு தடவையும் தொடுவது தொந்தரவாக இருந்தால், டெவலப்பர் தேர்வுகளில் "இயல்பான யூஎஸ்பி அமைப்பு" என்று ஒன்று இருக்கும். அம்மாவின் போனில் அதை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

வைகைக்கரை (சனி, மதியம் 12:26)

நன்றி அக்கா, நீமோவில் போனின் படம் வந்துவிட்டது. அதைச் சொடுக்கினால் "எம்டிபி சாதனம் 001,011-ஐத் திறக்க முடியவில்லை" என்கிறது. ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கதவு.

இந்த எம்டிபி எதற்கு? பழைய போனில் பென் டிரைவ் மாதிரி நேரே திறக்குமே?

பழையசோறு (சனி, மதியம் 1:15)

சாப்பிட்டு வந்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பிழையின் விடை அதற்குள்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டின் ஆரம்ப காலத்தில் போன் தன்னைப் பென் டிரைவ் என்றே சொல்லிக்கொண்டது. நீங்கள் செருகியதும் பீரோச் சாவியைத் தூக்கிக் கணினியிடம் கொடுத்துவிடும். சாவி கணினியிடம் இருக்கும்வரை போன் தன் பீரோவையே திறக்க முடியாது. கேமரா படம் சேமிக்காது, மெமரி கார்டில் போட்ட செயலிகள் நின்றுபோகும். கணினி எதுவானாலும் படிக்க வேண்டும் என்பதால் அந்தப் பகுதி ஃபேட் என்ற பழைய கோப்பு அமைப்பு வடிவில்தான் இருக்க வேண்டும். செயலிகளுக்கு ஒரு பகுதி, படங்களுக்கு ஒரு பகுதி என்று நினைவகத்தையும் கூறு போட வேண்டும். ஒன்று காலியாகக் கிடக்கும்போது இன்னொன்று நிரம்பி வழியும்.

2011-இல் ஆண்ட்ராய்டு 3 டேப்லெட்களோடு வந்தபோது எம்டிபிக்கு மாறினார்கள். அது மைக்ரோசாஃப்ட் பாட்டுக் கருவிகளுக்காகக் கொண்டுவந்த கோப்பு மாற்றும் நெறிமுறை. கேமராக்களுக்கான பிடிபி என்ற பழைய நெறிமுறையின் மேல் கட்டியது. இதில் சாவி கைமாறாது. மளிகைக் கடை மாதிரி. நீங்கள் உள்ளே போய் அலமாரியைத் தொட முடியாது. சீட்டைக் கொடுத்தால் கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார். போனின் நினைவகம் எந்த வடிவில் இருந்தாலும் கணினிக்குக் கவலையில்லை, போனும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அந்தக் கடையில் ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்குத்தான் சாமான். ஒரு நிரல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னொன்று உள்ளே வர முடியாது. உங்கள் கணினியில் ஏற்கெனவே யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் பதிவில் ஜேஎம்டிபிஎஃப்எஸ் நிறுவியதாகச் சொன்னீர்களே, அதை ஓட்டி வைத்திருக்கிறீர்களா?

வைகைக்கரை (சனி, மதியம் 1:22)

ஆமாம் ஐயா. இன்னொரு டெர்மினலில். அப்பா கேபிளைப் போட்டதும் வருகிறதா என்று அதையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், அப்படியே விட்டுவிட்டேன்.

பழையசோறு (சனி, மதியம் 1:25)

அதுதான். "ஃப்யூசர்மவுண்ட் -யூ" என்று தட்டி, பக்கத்தில் அந்தக் கோப்புறையின் பெயரைக் கொடுத்து அவிழ்த்துவிடுங்கள். கேபிளைக் கழற்றிச் செருகி, போனில் மறுபடி கோப்பு மாற்றம் தேர்ந்தெடுங்கள். இனி நீமோ ஒன்றே போதும்.

வைகைக்கரை (சனி, பிற்பகல் 2:40)

திறந்தது! படங்கள் இருக்கும் டிசிஐஎம் கோப்புறை தெரிகிறது, கேமரா கோப்புறை தெரிகிறது. உள்ளே 11,400 கோப்பு. பட்டியல் வரவே நாலைந்து நிமிடம் பிடித்தது. நகலெடுக்கப் போட்டேன். 900 போனதும் நின்றுவிட்டது. மறுபடி போட்டேன், இந்தத் தடவை 140-இல் நின்றது. டிமெஸ்ஜியில் "யூஎஸ்பி டிஸ்கனெக்ட்" என்று வருகிறது.

ஒத்தையடிப்பாதை (சனி, பிற்பகல் 2:52)

இது ஆட்டோசஸ்பெண்ட். கணினி தொடங்கும்போது ஓடும் கிரப்பின் அமைப்பில் யூஎஸ்பிகோர் ஆட்டோசஸ்பெண்டுக்கு -1 கொடுங்கள். சரியாகிவிடும்.

கீதா_திருச்சி (சனி, பிற்பகல் 3:05)

ஆட்டோசஸ்பெண்ட் சும்மா இருக்கும் சாதனத்தைத்தான் தூங்கப் போடும். நடுவில் கோப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அது கை வைக்காது. கிரப்பைத் தொடுவதற்கு முன்னால் டிமெஸ்ஜி வரிகளில் டிவைஸ் நம்பர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். காலையில் 9 என்றீர்கள், பிறகு 11.

வைகைக்கரை (சனி, பிற்பகல் 3:11)

இப்போது 26.

கீதா_திருச்சி (சனி, பிற்பகல் 3:16)

ஒவ்வொரு தடவை இணையும்போதும் கெர்னல் புது எண் கொடுக்கும். 11-இலிருந்து 26 வரை நீங்கள் கையால் கழற்றிச் செருகவில்லை அல்லவா? அப்படியானால் கேபிள் தானே கழன்று தானே செருகிக்கொள்கிறது. போன் பக்கத்து முனையை லேசாக ஆட்டிப் பாருங்கள். "க்ளிக்" என்று உட்காராமல் கொஞ்சம் வெளியே நின்றால், துளைக்குள் அழுக்கு இருக்கிறது.

போனை முழுவதும் அணைத்துவிட்டு, மரத்தால் ஆன பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம், டைப்-சி துளையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். அது உடைந்தால் கதை முடிந்தது.

வைகைக்கரை (சனி, மாலை 4:02)

அக்கா, சிரிக்காதீர்கள். உள்ளே விபூதி.

அம்மா போனைச் சுருக்குப் பையில் வைத்திருப்பார்கள். கோயிலில் கொடுக்கும் விபூதிப் பொட்டலமும் அதே பைக்குள்தான். துளைக்குள் வெள்ளையாக இறுகிப்போய், நடுவில் கொஞ்சம் நூலும் குங்குமமும். டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்து அரை மணி நேரம் எடுத்தேன். எடுத்ததை அம்மா குப்பையில் போட விடவில்லை, துளசி மாடத்தில் போட்டுவிட்டார்கள். இப்போது கேபிள் கெட்டியாக உட்காருகிறது. எண் 27-லேயே நிற்கிறது.

மறுபடி நகலெடுக்கப் போட்டிருக்கிறேன். அறுந்துபோகவில்லை. ஆனால் ஆமை வேகம்.

கீதா_திருச்சி (சனி, மாலை 4:20)

ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்புகள் இருந்தால் எம்டிபி அப்படித்தான். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் என்ன, அளவு என்ன என்று கேட்டு, பதில் வாங்கி, பிறகுதான் கோப்பு. உங்கள் வேலைக்கு ஏடிபி நல்லது, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி அது.

"சூடோ ஆப்ட் இன்ஸ்டால்" போட்டு ஏடிபியையும் ஆண்ட்ராய்டு-எஸ்டிகே-பிளாட்ஃபார்ம்-டூல்ஸ்-காமன் என்ற தொகுப்பையும் நிறுவுங்கள். போனில் அமைப்புகள், போனைப் பற்றி, பில்டு எண் என்பதை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் தேர்வுகள் திறக்கும். அங்கே யூஎஸ்பி டீபகிங்கை இயக்குங்கள். கணினியில் "ஏடிபி டிவைசஸ்" கொடுத்தால் போன் திரையில் "யூஎஸ்பி டீபகிங்கை அனுமதிக்கவா" என்று கேட்கும். சம்மதம் சொல்லும்வரை கணினியில் "அன்ஆத்தரைஸ்ட்" என்றே இருக்கும்.

அப்புறம் "ஏடிபி புல் -ஏ", அதன்பின் எஸ்டிகார்ட்/டிசிஐஎம், அதன்பின் கணினியில் போக வேண்டிய இடம். -ஏ விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் கோப்புகளின் தேதியெல்லாம் இன்றைய தேதி ஆகிவிடும். ஒரு குறை: நடுவில் நின்றால் ஏடிபி புல் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்து. ஆகவே எல்லாவற்றையும் ஒரே தடவையில் இழுக்காமல் கோப்புறை கோப்புறையாக இழுங்கள். வாட்ஸ்அப் படங்கள் டிசிஐஎம்மில் இருக்காது. ஆண்ட்ராய்டு 11-க்குப் பின் ஆண்ட்ராய்டு/மீடியா கோப்புறைக்குள் போய்விட்டன.

மின்மினி (சனி, மாலை 5:33)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் கணினியில் டெபியன் 12, இதுவும் லினக்ஸ்தான். எனக்கு "ஏடிபி டிவைசஸ்" கொடுத்தால் "நோ பெர்மிஷன்ஸ்" என்கிறது. சூடோ போட்டால் வருகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் சூடோ போட எரிச்சலாக இருக்கிறது. இணையத்தில் பார்த்து செருகும் சாதனங்களுக்கு விதி சொல்லும் யூடெவ் ரூல்ஸ் கோப்பு ஒன்றை 99-ஆண்ட்ராய்டு என்ற பெயரில் எழுதினேன், அனுமதிக்கான யூஅக்சஸ் டேக் போட்டேன். மாற்றம் இல்லை.

கீதா_திருச்சி (சனி, மாலை 5:50)

ஏடிபியை ஆப்ட்டில் நிறுவினீர்களா, கூகுள் தளத்திலிருந்து ஜிப் இறக்கினீர்களா?

மின்மினி (சனி, மாலை 5:52)

ஜிப்.

கீதா_திருச்சி (சனி, மாலை 6:14)

ஜிப்பில் நிரல் மட்டும்தான் இருக்கும். இந்தச் சாதனத்தைச் சாதாரணப் பயனர் தொடலாம் என்று சொல்லும் யூடெவ் விதிகள் இருக்காது. மேலே நான் சொன்ன காமன் தொகுப்பை நிறுவினால் 51-ஆண்ட்ராய்டு என்ற கோப்பு வந்து சேரும், பெரும்பாலான போன்களின் எண் அதில் இருக்கும்.

நீங்கள் எழுதியது ஏன் வேலை செய்யவில்லை தெரியுமா? பெயரில் உள்ள அந்த 99. யூடெவ் கோப்புகளைப் பெயர் வரிசையில் படிக்கும். யூஅக்சஸ் டேக்கைப் பார்த்து, கணினி முன் உட்கார்ந்திருக்கும் பயனருக்கு அனுமதி கொடுக்கும் வேலை 73-சீட்-லேட் என்ற கோப்பில் நடக்கிறது. நீங்கள் 99-இல் டேக் ஒட்டுவது, பேருந்து போன பிறகு கை காட்டுவது மாதிரி. 73-க்குக் கீழே ஏதாவது எண் கொடுங்கள், எல்லோரும் 51 வைப்பது வழக்கம். பிறகு "சூடோ யூடெவ்ஏடிஎம் கன்ட்ரோல் --ரீலோட்" கொடுத்து, கேபிளைக் கழற்றிச் செருகுங்கள்.

இன்னொன்று. சூடோவில் ஓட்டிய ஏடிபி சர்வர் ரூட்டின், அதாவது நிர்வாகியின், பெயரில் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதை "சூடோ ஏடிபி கில்-சர்வர்" கொடுத்து நிறுத்தாமல் மற்றதெல்லாம் செய்தால், சரியானதும் உங்களுக்குத் தெரியாது.

மின்மினி (சனி, மாலை 6:31)

கில்-சர்வர் கொடுத்து, 99-ஐ 51 ஆக்கினேன். வந்துவிட்டது அக்கா. ஒரு எண்ணுக்காக மூன்று நாள்.

வைகைக்கரை (சனி, இரவு 9:20)

முடிந்தது. டிசிஐஎம் முழுவதும், வாட்ஸ்அப் முழுவதும் சேர்த்து 61 ஜிபி. கிட்டத்தட்ட 40 நிமிடம். போன் யூஎஸ்பி 2 வேகத்தில்தான் இணைகிறது, அதற்கு இதுவே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். கோப்பு எண்ணிக்கையை இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். அம்மாவின் வங்கிச் செயலி இப்போது திறக்க மறுக்கிறது. டெவலப்பர் ஏதோ என்று சொல்கிறது.

கீதா_திருச்சி (சனி, இரவு 9:27)

யூஎஸ்பி டீபகிங்கை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் சில வங்கிச் செயலிகள் திறக்காது. அணைப்பதற்கு முன் அங்கேயே "டீபகிங் அங்கீகாரங்களை ரத்து செய்" என்பதையும் தட்டிவிடுங்கள்.

வைகைக்கரை (ஞாயிறு, காலை 8:45)

வங்கிச் செயலி திறந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

போனில் இடம் காலியாகவில்லை என்பது வேறு கதை. நகல் எடுத்துவிட்டோமே, அழிக்கலாம் என்றால், அம்மா காலை வணக்கப் படங்களைத் தொடக்கூட விடவில்லை. 4,000-க்கு மேல் இருக்கின்றன. "அனுப்பினவங்க கேட்டா என்ன சொல்றது?" என்கிறார்கள். கேமரா வீடியோக்களை மட்டும் அழித்து 22 ஜிபி மீட்டேன்.

பழையசோறு ஐயா சொன்னதற்காக அந்த 60 ரூபாய் கேபிளைப் பிளேடால் நடுவில் அறுத்துப் பார்த்தேன். சிவப்பு, கருப்பு. வேறு எதுவும் இல்லை.

பழையசோறு (ஞாயிறு, காலை 9:02)

அறுக்காமல் வைத்திருக்கலாம் தம்பி. பேருந்தில் சார்ஜ் போட அதைவிடப் பாதுகாப்பான கேபிள் கிடையாது.